வடசென்னையில் ஸ்லாஷர் படம் எடுக்கிறீர்களா? முதலில் யார் சாகிறார் என்று பாருங்கள்

முகமூடி போட்ட கொலையாளி, ஒரே ராத்திரி, ஒரே கட்டடம், ஏழெட்டுப் பேர். கையில் காசு குறைவாக இருக்கும்போது எடுக்க இந்த ஸ்லாஷர் வகையைவிடத் தோதான கதை கிடையாது. வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் ஷார்ட் ஃபிலிம் எடுக்கும் பிள்ளைகளுக்கு இதில் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் பாத்திரங்களை எழுதும்போது சில தவறுகள் சுலபமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒன்று, தலை எண்ணுவது. "ஒரு முஸ்லிம் பையன், ஒரு வடநாட்டுத் தொழிலாளி, ஒரு திருநங்கை, எல்லாரும் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, பாதிப் படத்துக்குள் மூன்று பேரையும் சாகடித்துவிடுவது. அமெரிக்கப் படங்களில் கறுப்பினப் பாத்திரங்களுக்குப் பல காலம் இதுதான் கதி. 1997இல் வந்த 'ஸ்க்ரீம் 2' படத்தின் தொடக்கத்தில், திகில் படங்களில் எங்கள் மக்களுக்கு இடமே இல்லை என்று ஒரு கறுப்பினப் பெண் தன் காதலனிடம் பொருமுகிறாள். அதே தியேட்டரில் முதல் இரண்டு கொலையும் அவர்கள்தான். குறையை வசனத்தில் வைத்துவிட்டால் குறை தீர்ந்துவிடாது. ஒவ்வொரு பாத்திரத்தின் பெயருக்கும் பக்கத்தில், கொலையாளி வராமல் இருந்தால் இவர் இன்று ராத்திரி என்ன செய்திருப்பார் என்று எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் அவரைச் சாவதற்காக மட்டுமே கூட்டிவந்திருக்கிறீர்கள்.

அடுத்தது, கொலையாளியின் உடம்பையே காரணமாக்குவது. 1983இல் வந்த 'ஸ்லீப்அவே கேம்ப்' கடைசி அதிர்ச்சிக்காக, அதுவரை பெண் என்று நம்பவைத்த கொலையாளியின் ஆண் பிறப்புறுப்பைக் காட்டியது. நம்முடைய 'ராட்சசன்' (2018) கெட்டியாகக் கட்டிய படம், மறுக்கவில்லை. ஆனால் சிறு வயதிலேயே முதுமை தட்டும் நோயும், அதனால் பட்ட அவமானமும்தான் அங்கே கொலைவெறிக்கு விதை. அந்த நோயோடு வாழும் ஒருவர் அந்த இருட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பதை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது இன்னொன்று: ஊரையே கொலையாளியாக்குவது. தென்சென்னையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வருவாள். இருட்டுச் சந்து, ஹவுசிங் போர்டு மாடிப்படி, எங்கோ ஒரு கானா. அங்கே குடியிருப்பவர்கள் சந்தேகப்படும் முகங்களாக மட்டும் எட்டிப் பார்ப்பார்கள். 1992இல் வந்த 'கேண்டிமேன்' சிகாகோவின் கப்ரினி கிரீன் குடியிருப்பில் நடக்கும் கதை. கொலையாளியே வெள்ளைக் கும்பலால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவனின் ஆவி என்று அது துணிந்து சொன்னது. ஆனாலும் அந்தக் குடியிருப்புக்குள் நம்மைக் கூட்டிப்போவது ஆராய்ச்சிக்காக வரும் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான். அதே பெயரில் 2021இல் நியா டகோஸ்டா இயக்கிய படத்தில் கதையின் நடுவே ஒரு கறுப்பின ஓவியன் நின்றான். பார்க்கும் கண் மாறியதும் பயத்தின் காரணமும் மாறியது.

இங்கேயும் கண்ணை மாற்றலாம். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் வெட்டும் அக்காவைக் கவனியுங்கள். வாடிக்கையாளரிடம் விலை பேசிக்கொண்டே, கட்டையைக் குனிந்து பார்க்காமல், வஞ்சிரத்தை ஒரே கனத்தில் துண்டு போடுவார். பக்கத்தில் யார் வந்து நின்றாலும் தலை அதற்குள் திரும்பியிருக்கும். ஸ்லாஷர் படங்களில் கடைசிவரை பிழைக்கும் பெண்ணைப் பற்றி 1987இல் எழுதிய அமெரிக்க ஆய்வாளர் கேரல் குளோவர், மற்றவர்களுக்கு முன்பே ஆபத்தைக் கவனித்துவிடுவதை அவளுடைய குணமாகச் சொன்னார். அந்தக் குணம் இந்த அக்காவிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவரை இரண்டாவது காட்சியில் கொன்றுவிடாதீர்கள்.

அப்புறம் பேச்சு. எல்லார் வாயிலும் ஒரே மெட்ராஸ் பாஷையைத் திணிக்க வேண்டாம். ராயபுரத்து ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி, சௌகார்பேட்டை மார்வாடிக் கடைக்காரர், வியாசர்பாடியில் குடியேறிய பர்மாத் தமிழர் குடும்பத்துப் பாட்டி, மண்ணடி பாய் எல்லாரும் ஒரே மாதிரியா பேசுகிறார்கள்?

திருநங்கை பாத்திரம் இருந்தால் திருநங்கை ஒருவரையே நடிக்கக் கேளுங்கள், சம்பளம் பேசிக் கேளுங்கள். ஷூட்டிங்குக்கு முதல் நாள் அல்ல, ஸ்க்ரிப்ட் இன்னும் பென்சிலில் இருக்கும்போதே அவரிடம் படித்துக் காட்டுங்கள். அப்போதுதான் அவர் நீக்கச் சொல்லும் காட்சியை நீக்க முடியும்.