தலைத்தோல் சீரத்தில் காப்பர் பெப்டைடைச் சோதிப்பது எப்படி?

வயதாக ஆக மெலியும் முடிக்கென விற்கப்படும் தலைத்தோல் சீரங்களில் அடிக்கடி காணப்படும் பெயர் காப்பர் ட்ரைபெப்டைடு-1. இது செம்பைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு பெப்டைடு, அதாவது அமினோ அமிலச் சங்கிலி. கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்னும் மூன்று அமினோ அமிலங்களால் ஆன இச்சிறு சங்கிலியை, ஆய்வாளர் லோரன் பிக்கார்ட் 1973-இல் மனித ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தறிந்தார். சோதிக்க முனைவோர் பலர் நேரே தலையில் முடியை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். புட்டிக்குள் பெப்டைடு இருக்கிறதா என்பதே முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி.

மூலப்பொருள் தூளாக வந்தால் அதன் எடை முழுவதும் பெப்டைடு அல்ல. ஈரமும் உப்பு அயனிகளும் அதில் சேர்ந்திருக்கும். கரைசலாக வந்தால் கணக்கு இன்னும் ஏமாற்றும்: 0.1 சதவீதப் பெப்டைடு கொண்ட கரைசலை 3 சதவீதம் கலந்தால் சீரத்தில் சேர்வது 0.003 சதவீதமே. அளவை, கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் 214 நானோமீட்டர் அலைநீளத்தில் காணலாம்.

பெரும்பாலும் கவனம் தவறும் இடம் சீரத்தின் கலவைதான். நீரிலுள்ள உலோக அயனிகளைக் கட்டிப்போடச் சேர்க்கும் இ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருள், பெப்டைடு பிடித்துவைத்திருக்கும் செம்பைப் பறித்துக்கொள்ளும். அதிக அமிலத்தன்மையும் அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடும். எச்.பி.எல்.சி.யின் அமிலக் கரைசலிலும் இதுவே நடப்பதால், செம்பை இழந்த பெப்டைடும் அங்கே முழு அளவில் தெரியும். நிறத்தையும் நம்ப இயலாது, இ.டி.டி.ஏ.வோடு சேர்ந்த செம்பும் நீலமே. ஆகவே சீரத்தை நீர்க்காமல் கட்புல ஒளி நிறமாலைமானியில் வைத்து, உட்கவர் உச்சி (ஒளி மிகுதியாக உறிஞ்சப்படும் அலைநீளம்), செம்பு பறிபோனதன் அடையாளமாக, நீண்ட அலைநீளத்தை நோக்கி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 40 டிகிரி செல்சியஸில் மூன்று மாதம் வைத்திருந்து, மாதந்தோறும் இதைத் திரும்பச் செய்யவும். கிருமி வளராமல் காக்கும் பதப்பொருளின் வலிமையை ஐ.எஸ்.ஓ. 11930 என்னும் சர்வதேசத் தர முறைப்படி 28 நாள் சோதிப்பதும் இதே காலத்தில் முடிந்துவிடும்.

தோலுக்குள் செல்கிறதா என்பதை, 32 டிகிரி மேற்பரப்பு வெப்பத்தில் பன்றித்தோல் பொருத்திய ஃபிரான்ஸ் கலத்தில் (தோலைக் கடந்து செல்லும் பொருளை அளக்கும் கண்ணாடிக் கலம்) அளக்கலாம். தோலின் நொதிகள் பெப்டைடை வெட்டக்கூடும் என்பதால், சிதையாத பெப்டைடை மட்டுமே கணக்கில் கொள்ளவும்.

தோலில் சிறிதளவு ஒட்டிவைத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனையில் எரிச்சல் இல்லையென்று கண்ட பிறகே மனிதத் தலைக்கு வர வேண்டும். ஒப்பீட்டுக்கு வெறும் நீர் உதவாது. பெப்டைடை மட்டும் நீக்கிய அதே சீரத்தையே, யாருக்கு எது என்று தடவுபவரும் எண்ணுபவரும் அறியாதவாறு கொடுக்க வேண்டும், ஏனெனில் தினசரித் தேய்ப்பும் ஈரப்பதமுமே முடியை அடர்த்தியாகக் காட்டிவிடும். முடியின் ஓய்வுப் பருவம் ஏறத்தாழ மூன்று மாதம் நீடிப்பதால், ஆறு மாதமாவது காத்திருப்பது நல்லது. சிறு புள்ளியால் அடையாளமிட்ட ஒரே இடத்தை மழித்துப் படமெடுத்து, ஒரு சதுர சென்டிமீட்டரில் முடியின் எண்ணிக்கையையும் தடிமனையும் கணக்கிடவும். முடி உதிர்வு பருவத்துக்கேற்ப மாறுவதால் இரு குழுவினரும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டும். தொடக்க நிலையைவிட முன்னேற்றம் தெரிந்தும் இரு குழுக்களுக்கிடையே வேறுபாடு இல்லையெனில், அந்த முன்னேற்றத்தைப் பெப்டைடின் பேரில் எழுத முடியாது.