இன்செப்ஷன் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தப் படத்தை எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. கடைசியாகப் படைப்புக்கு, அதாவது முன்னோருக்குப் படையல் போடும் சடங்குக்கு, பங்காளிகள் எல்லாரும் ஊருக்கு வந்திருந்தபோது, பள்ளத்தூர் வீட்டு வளவில், அதாவது உள் முற்றத்தில், இரண்டு தூணுக்கு நடுவே எட்டு முழ வேட்டியை இழுத்துக் கட்டி, ராத்திரி பத்து மணிக்குப் போட்டேன். ஒவ்வொரு முறையும் ஆட்கள் வேறு, ஆனால் படத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கிற இடம் மட்டும் மாறுவதில்லை. "இப்ப இது எத்தனாவது கனவு?" என்பதுதான் அந்தக் கேள்வி. அங்கேதான் முதல் தவறு நடக்கிறது. எத்தனாவது என்பதைவிட, யாருடைய கனவு, உள்ளே வந்திருக்கிற கூட்டம் யாருடையது என்று கேட்டால் படத்தில் பாதிக்கு மேல் தானாகத் தெளிந்துவிடும்.

கிறிஸ்டோபர் நோலன் எடுத்த இந்தப் படம் வந்தது 2010-இல். பிறர் கனவுக்குள் புகுந்து ரகசியம் திருடுகிற காப், ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, ராபர்ட் ஃபிஷர் என்கிற பணக்காரப் பையனின் கனவுக்குள் கனவாக இறங்குகிற கதை. கதையை முழுக்கப் பேசப்போகிறேன், அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

வீடு யாருடையது, கூட்டம் யாருடையது என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரிகிற மாதிரி வேறு யாருக்கும் புரியாது. காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் சினிமாப் படப்பிடிப்புக்கு வீட்டைக் கொடுப்பது சாதாரணம். எங்கள் வீட்டையும் ஒரு முறை கொடுத்தோம். கல்யாணக் காட்சி. வளவு முழுக்கப் பட்டுப் புடவையும் வேட்டி சட்டையுமாக நூறு பேர், பட்டாலையில் மாப்பிள்ளை, இரண்டாங்கட்டில் பந்தி. அதில் ஒருவர்கூட எங்கள் உறவு இல்லை, எல்லாரும் படக்காரர்கள் கூட்டி வந்த ஆட்கள். ஆனால் வீடு எங்களுடையது. அப்பச்சி காலையிலிருந்து சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு முகப்புத் திண்ணையை விட்டு அசையவில்லை. சாப்பிடப் போகலாம் என்று கூப்பிட்டால், "வீட்டுக்காரன் எந்திரிச்சுப் போனா வீடு யாரு பொறுப்புல இருக்கும் தம்பி?" என்றார். நான் ஏதோ எடுக்க உள்ளே போகலாம் என்று கைலியோடு வளவுக்குள் நடந்தேன். ஒத்திகை நின்றுபோய், நூறு தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. நான் பிறந்த வீட்டுக்குள் நான்தான் வேற்றாள். கனவுக்குள் தெருவில் நடக்கிறவர்கள் எல்லாரும், கனவு இடங்களை வடிவமைக்கிற ஏரியட்னியைத் திரும்பிப் பார்ப்பார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பகல்தான் நினைவுக்கு வரும்.

படத்தின் விதியும் இதுதான். கனவு காண்கிறவர் வீட்டுக்காரர். இடம், தரை, வானிலை எல்லாம் அவருடையது. உள்ளே நடமாடும் ஆட்கள் ராபர்ட் ஃபிஷரின் மனம் அனுப்பி வைத்தவர்கள். முதல் கனவு, மயக்க மருந்து தயாரிக்கிற யூசுஃபுடையது. விமானத்தில் ஷாம்பெயினைக் குடித்துவிட்டு ஒன்றுக்குப் போகாமலே தூங்கிப்போனதால் அங்கே மழை கொட்டுகிறது. இரண்டாவது கனவு, அந்த ஹோட்டல், காப்பின் கூட்டாளி ஆர்தருடையது. மேலே முதல் கனவில் யூசுஃப் ஓட்டும் வேன் பாலத்திலிருந்து விழும்போது அதற்குள் தூங்கும் ஆர்தரின் உடம்புக்கு எடை தெரியவில்லை, அதனால் ஹோட்டலில் எல்லாரும் மிதக்கிறார்கள். மூன்றாவது பனிமலை இன்னொரு கூட்டாளி ஈம்ஸுடையது. சரி, யூசுஃப் ஏன் வேனை ஓட்டிக்கொண்டே மேலேயே இருக்கிறான், ஆர்தர் ஏன் ஹோட்டலை விட்டு இறங்கவில்லை? அப்பச்சி திண்ணையை விட்டு நகராத அதே காரணம். வீட்டுக்காரர் வீட்டில் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் தவற விடுகிறார்கள். முதல் கனவில் நடுத்தெருவில் ஒரு ரயில் பாய்ந்து வருகிறது. அது யூசுஃபுடையதும் இல்லை, ஃபிஷருடையதும் இல்லை. காப் கொண்டு வந்தது. அவனும் அவன் மனைவி மாலும், எல்லாக் கனவுக்கும் அடியில் கிடக்கிற லிம்போவிலிருந்து வெளியே வரத் தண்டவாளத்தில் தலையை வைத்துப் படுத்தார்கள், அந்த ரயில். கூட வருகிறவனும் தன் சுமையை உள்ளே இழுத்துக்கொண்டு வருவான் என்பதால்தான் காப் தானே இடத்தை வடிவமைக்காமல் ஏரியட்னியைச் சேர்க்கிறான். வழி அவனுக்குத் தெரிந்தால் அவன் மனசுக்குள் இருக்கிற மாலுக்கும் தெரிந்துவிடும்.

அடுத்து, முதல் இருபது நிமிஷத்தைப் பேசிக்கொண்டே பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். அங்கேயும் கனவுக்குள் கனவு இருக்கிறது, விதிகள் எல்லாம் அங்கேயே விழுந்துவிடுகின்றன. பின்னால் இந்த வேலையைக் கொடுக்கப்போகிற தொழிலதிபர் சைட்டோவை ஏமாற்ற அவருடைய ரகசிய வீட்டையே கனவில் கட்டி வைத்திருப்பார்கள். தரையில் முகம் அழுந்தக் கிடக்கும்போது அவர் கண்டுபிடித்துவிடுவார்: தன் வீட்டு விரிப்பு கம்பளி, இது பாலியஸ்டர். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கண்ணாடி மேல் வர்ணத்தை ஊற்றி, சிமெண்ட்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுத்த கல்லுக்கும், அதே பூ அச்சிட்டு மில்லில் செய்த கல்லுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், வெறுங்காலுக்குத் தெரியும்.

நேரக் கணக்கில் குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கணக்கை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். பாரிஸில் ஏரியட்னிக்குச் சொல்லும்போது நனவில் ஐந்து நிமிஷம் என்றால் கனவில் ஒரு மணி நேரம், அதாவது பன்னிரண்டு மடங்கு. அது சாதாரண மருந்து. யூசுஃப் தயாரிக்கும் மருந்தில் இருபது மடங்கு, அதுவும் ஒவ்வொரு நிலைக்கும் பெருகிக்கொண்டே போகும். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகும் விமானத்தில் அவர்களுக்குக் கிடைப்பது 10 மணி நேரம். இருபதால் பெருக்கினால் 200 மணி, எட்டு நாளுக்குக் கொஞ்சம் மேலே. இன்னொரு முறை பெருக்கினால் 4,000 மணி, ஐந்தரை மாதம். மறுபடியும் பெருக்கினால் 80,000 மணி, ஒன்பது வருஷத்துக்கு மேல். படத்தில் ஒரு வாரம், ஆறு மாதம், பத்து வருஷம் என்று சொல்வது இதைத்தான். வேன் பாலத்திலிருந்து பாய இன்னும் 10 விநாடி என்றால் ஆர்தருக்கு மூன்று நிமிஷம், பனிமலையில் ஒரு மணி நேரம். படத்தின் பின்பாதி பதற்றம் முழுக்க இந்தப் பெருக்கலில்தான் நிற்கிறது.

பாட்டு கேட்டதும் விழித்துவிடுகிறார்கள் என்று நினைப்பதும் தவறு. எடித் பியாஃப் பாடிய அந்தப் பிரெஞ்சுப் பாட்டு ஓர் எச்சரிக்கை மணி மட்டும், இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று சொல்வதற்கு. எழுப்புவது 'கிக்', அதாவது தடாலென்று விழுகிற உணர்வு. ஹான்ஸ் ஸிம்மரின் பின்னணி இசையில் கனமாக முழங்குமே, அது அதே பாட்டின் ஒரு துணுக்கை மெதுவாக இழுத்து உருவாக்கியது. கீழே இறங்க இறங்க நேரம் நீளும், பாட்டும் நீளும். நல்ல ஸ்பீக்கர் இருந்தால் போடுங்கள், செல்போனில் இது கேட்காது.

லிம்போவை நான்காவது கனவு என்று எண்ணாதீர்கள். எங்கள் ஊரில் நிலை என்றால் கதவு மாட்டுகிற சட்டம். ஒரு நிலையைத் தாண்டினால் அடுத்த கட்டு, அதற்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. லிம்போ எல்லாக் கட்டும் தாண்டிக் கொல்லைக்கு வெளியே கிடக்கிற பொட்டல். அதற்குச் சொந்தக்காரர் கிடையாது, முன்னால் போனவர்கள் விட்டுவிட்டு வந்ததுதான் அங்கே இருக்கும். காப்பும் மாலும் அங்கே ஐம்பது வருஷம் வாழ்ந்தார்கள், அதனால் கடலோரத்தில் இடிந்து விழும் நகரம் அவர்கள் கட்டியது. சாதாரணமாகக் கனவில் செத்தால் விழிப்பு வரும். இந்த வேலையில் மயக்க மருந்து அதிகம் என்பதால் செத்தால் லிம்போ. சைட்டோ முன்னாலேயே போய்விட்டதால் கிழவராகிவிடுகிறார்.

இப்போது, இது கனவா நிஜமா என்று சோதிக்கக் காப் சுற்றிவிடுகிற பம்பரம். இதில்தான் அதிகச் சண்டை. அது காப்பின் பம்பரம் இல்லை, மாலுடையது. படத்திலேயே அவன் வாயால் சொல்கிறான். ஆர்தருக்கு ஒரு பக்கம் கனம் வைத்த தாயக்கட்டை, ஏரியட்னிக்குச் சதுரங்கக் காய். அந்தப் பொருளை ஏன் வேறு யாரும் தொடக்கூடாது? அதன் எடை, அது விழும் விதம் சொந்தக்காரருக்கு மட்டும் தெரிந்திருந்தால்தான் இன்னொருவருடைய கனவில் சிக்கவில்லை என்று உறுதி செய்ய முடியும். காப்போ செத்துப்போன மனைவியின் பொருளை எடுத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறான். லிம்போவில் அவள் அதைப் பெட்டிக்குள் பூட்டி, இதுதான் நிஜம் என்று தன்னை நம்பவைத்திருந்தாள். பூட்டைத் திறந்து உள்ளே பம்பரத்தைச் சுற்றி விட்டவன் அவன். "இந்த உலகம் நிஜமில்லை" என்ற எண்ணம் அவள் மனசில் வேர்விட்டது அப்படித்தான். விழித்த பிறகும் அது போகவில்லை, அவள் ஜன்னலிலிருந்து குதித்தாள். ஆக அந்தப் பம்பரம் அவன் செய்த குற்றத்தின் கருவி. அது விழுமா விழாதா என்று மட்டும் பார்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, மால் பேசுவதைச் சாட்சியாக எடுப்பது. "நீயே கனவில்தான் இருக்கிறாய்" என்று அவள் சொல்கிறாளே, அதனால் முழுப் படமும் கனவுதான் என்று வாதாடுவார்கள். பேசுவது மால் இல்லை. மால் இறந்துவிட்டாள். காப்பின் மனசு அவள் முகத்தோடு பேசுகிறது. உன்னை முழுசாக, உன் குறையோடும் நிறைவோடும் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை என்று கடைசியில் அவனே ஒத்துக்கொள்கிறான்.

ஃபிஷர் பகுதியைச் சண்டைக் காட்சி என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவர்கள் திருட வரவில்லை, ஒரு எண்ணத்தை விதைக்க வந்திருக்கிறார்கள். அப்பா கட்டிய தொழிலைப் பிரித்துவிட வேண்டும் என்ற முடிவை அந்தப் பையன் தானே எடுத்ததாக நம்ப வேண்டும். அப்பா மேல் உள்ள கோபத்தை வைத்து விதைக்கலாமா என்று யோசித்து, கோபத்தைவிடப் பாசம் பலமானது என்று மாற்றுகிறார்கள். அப்பா சாகும்போது சொன்ன கடைசி வார்த்தை "ஏமாற்றம்". பையன் அதை நான் அவரைப் போல வரவில்லை என்று எடுத்திருந்தான். பெட்டகத்துக்குள் கிடக்கிற அப்பாவோ, நீ என்னைப் போல வர முயன்றாயே, அதுதான் என் ஏமாற்றம் என்கிறார். பக்கத்தில் பையன் சின்ன வயதில் வைத்திருந்த காகிதக் காற்றாடி. தாத்தா பெயரையும் அப்பா பெயரையும் விலாசமாக முன்னால் போட்டு, அதே விலாசத்தில் பர்மாவரை கடை நடத்திய ஊர் எங்களுடையது. அந்த இடத்தில் வளவில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் ஒருவரும் பேசவில்லை.

எல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்று ஒதுக்குவதும் சரியில்லை. ஹோட்டல் தாழ்வாரச் சண்டைக்கு இங்கிலாந்தில் கார்டிங்டனில் இருக்கும் பழைய விமானக் கப்பல் கொட்டகைக்குள் தாழ்வாரத்தையே ராட்டினம் மாதிரி சுழலக் கட்டி, ஆர்தராக நடித்த ஜோசப் கோர்டன்-லெவிட்டை உள்ளே விட்டு எடுத்தார்கள்.

அதே சமயம் படத்தை விஞ்ஞானப் பாடமாகவும் எடுக்க வேண்டாம். நாம் மூளையில் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்துகிறோம் என்று அதில் ஒரு வசனம் வரும், அது பழைய கட்டுக்கதை. கனவில் நேரம் இருபது மடங்கு நீள்வதும் இல்லை. இது கனவு என்று தெரிந்தே கனவு காண்கிறவர்களைக் கண் அசைவால் சைகை காட்டி 10 விநாடி எண்ணச் சொன்னபோது, கிட்டத்தட்ட விழித்திருக்கும்போது ஆகிற அதே நேரம்தான் ஆனது. இன்னொருவர் கனவுக்குள் நுழைய வழி இல்லை, ஆனால் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். 2021-இல் வெளியான ஆய்வில், தூங்குகிறவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு என்று கேட்டு, கனவிலிருந்தபடியே கண்ணை இரண்டு முறை அசைத்துச் சரியான பதில் சொல்ல வைத்தார்கள். இதையெல்லாம் படித்துவிட்டுத் தூக்க மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், அது ஆபத்து.

கடைசிக் காட்சிக்கு வருவோம். பம்பரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அவன் இடது கையைப் பாருங்கள், கனவுகளில் இருக்கும் கல்யாண மோதிரம் அங்கே இல்லை. பிள்ளைகளைப் பாருங்கள், நினைவில் வருவது போலவே குனிந்து விளையாடுகிறார்கள், ஆனால் வளர்ந்திருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலில் பையனுக்கும் பெண்ணுக்கும் இரண்டு வயதுக்கு இரண்டு நடிகர்கள் இருப்பதைக் காணலாம். முக்கியமாக, படம் முழுக்க அந்தப் பிள்ளைகளின் முகத்தை அவன் பார்க்கவே மாட்டான். லிம்போவில் மால் கூப்பிட்டுக் காட்டும்போதும் தலையைத் திருப்பிக்கொள்வான். இங்கே பம்பரத்தைச் சுற்றிவிட்டு, அது என்ன ஆகிறது என்று நின்று பார்க்காமல் போய்விடுகிறான். நோலன் 2015-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேசும்போதும் இதைத்தான் சொன்னார், அவனுக்கு அது இனி ஒரு பொருட்டே இல்லை என்று.

திரை இருண்டதும் எங்கள் வீட்டில் யாரோ விளக்கைப் போட்டுவிட்டார்கள். அதைச் செய்யாதீர்கள். பெயர்கள் ஓடி முடிகிற இடத்தில் அந்தப் பியாஃப் பாட்டு மறுபடியும் வரும். அது நமக்கு.