மலிவு ரிஃப்ராக்டரில் நட்சத்திரங்களைச் சுற்றி வரும் ஊதா வளையத்தைக் குறைப்பது எப்படி

எஃப்/5 அக்ரோமாட்டில் (விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு குவியத்தூரமும் இரு கண்ணாடி லென்ஸும் உள்ள ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் தொலைநோக்கி) சிரியஸையோ வேகாவையோ படம் எடுத்தால், சுற்றிலும் ஊதா வளையம் வந்தே தீரும். லென்ஸ் பழுதாகிவிட்டதோ என்று பதற வேண்டாம். அக்ரோமாட்டின் முன்பக்கம் கிரவுன், ஃபிளின்ட் என இரண்டு வகைக் கண்ணாடிகள் இருக்கும். இவை 656 நானோமீட்டர் சிவப்பையும் 486 நானோமீட்டர் நீலத்தையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் குவிக்கும். பச்சை அதைவிடக் கொஞ்சம் முன்னால், லென்ஸுக்குப் பக்கமாகக் குவியும். 430-க்குக் கீழே உள்ள ஊதாதான் வெகுவாகப் பின்தள்ளிப் போய்விடும். நம் கண்ணுக்கு அந்த ஊதா மங்கல் என்பதால் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) பார்க்கும்போது அவ்வளவாக உறுத்தாது. சென்சார் அதை நன்றாகவே பதிவு செய்துகொள்ளும்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் சமமாக ஊதா இருந்தால் அது லென்ஸின் நிறப்பிறழ்ச்சி, அதாவது நிறங்கள் வெவ்வேறு இடத்தில் குவியும் குறை. வானில் மேல்பக்கம் நீலமும் அடிவானப் பக்கம் சிவப்பும் தெரிந்தால் அது வளிமண்டலம் செய்யும் வேலை. இலக்கு 30 டிகிரிக்கு மேல் நன்றாக ஏறும்வரை காத்திருப்பதே அதற்கு வழி. படத்தின் நடுவில்கூட எல்லா நட்சத்திரங்களுக்கும் ஒரே பக்கமாக நிறம் ஒதுங்கினால், முன் லென்ஸோ ஃபோகஸரோ (கேமராவை முன்பின் நகர்த்தும் குழாய்) சாய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஃபில்டர் வாங்குவது வீண்செலவு.

வளையம் எவ்வளவு பெரிது என்பதை ஒரு எளிய கணக்கில் பிடித்துவிடலாம். பச்சைக்கும் சிவப்பு-நீல ஜோடிக்கும் இடையிலான இடைவெளி, குவியத்தூரத்தில் சுமார் 2000-ல் ஒரு பங்கு. 80 மி.மீ. விட்டமும் 400 மி.மீ. குவியத்தூரமும் உள்ள தொலைநோக்கியில் இது 0.2 மி.மீ. இதை 5 என்ற எஃப் எண்ணால் வகுத்தால் 0.04 மி.மீ., அதாவது 40 மைக்ரான். 4 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவில் பத்துப் பிக்சல் அகலம். ஊதா இன்னும் பரவும். இந்தக் கணக்கில் குவியத்தூரம் அடிபட்டுப் போய் விட்டம் மட்டுமே மிஞ்சுவதைக் கவனியுங்கள்: சென்சாரில் விழும் மங்கல் வட்டத்தின் அளவு, விட்டத்தில் 2000-ல் ஒரு பங்கு. ஆக, விட்டத்தைக் குறைத்தால் வளையம் குறையும். அதனால்தான் செலவே இல்லாத முகமூடி, அதாவது லென்ஸின் ஓரத்தை மறைக்கும் துளையிட்ட அட்டை, முதலில் வருகிறது.

கெட்டியான கறுப்பு அட்டையில் 50 மி.மீ. வட்டத் துளை வெட்டி, லென்ஸுக்கு முன்னால் பனிக்குழாய்க்குள் (லென்ஸில் பனி படியாமல் காக்க முன்னால் நீளும் குழாய்) பொருத்துங்கள். 80 மி.மீ. எஃப்/5 இப்போது 50 மி.மீ. எஃப்/8 ஆகிவிடும்; மங்கல் வட்டம் 40 மைக்ரானிலிருந்து 25 ஆகச் சுருங்கும். எஃப் எண்ணை அங்குலக் கணக்கிலான விட்டத்தால் வகுத்தால் 3-க்கு மேல் வர வேண்டும் என்பது சிட்ஜ்விக் அளவுகோல். முழு விட்டத்தில் 1.6 வந்த இடத்தில் இப்போது 4 வரும். துளை மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் வளையம் ஒரு பக்கமாகச் சாயும். மூடியிலேயே சிறு துளை இருந்தாலும் அது நடுவில் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். வெட்டிய ஓரம் பிசிறடித்தால் நட்சத்திரங்களில் கோடுகள் முளைக்கும், ஆகவே காம்பஸ் கட்டர் நல்லது. இதற்கு விலையாக ஒளி 39 சதவீதமாகக் குறையும்: 40 நிமிடம் சேர்த்த இடத்தில் 100 நிமிடம் சேர்க்க வேண்டும். 60 மி.மீ. துளையோடு ஃபில்டரையும் சேர்ப்பதுதான் பெரும்பாலான இலக்குகளுக்கு எங்கள் பரிந்துரை.

ஃபில்டரில், சென்சாருக்கு முன் வெறும் கண்ணாடி மட்டுமே உள்ள வானியல் கேமராவுக்கு யூவி/ஐஆர் கட் (புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் ஃபில்டர்) கட்டாயம். இல்லாவிட்டால் அகச்சிவப்பும் சேர்ந்து நட்சத்திரத்தை ஊதவைக்கும். சாதாரண டிஎஸ்எல்ஆரில் அது உள்ளேயே இருப்பதால், இன்னொன்று போட்டுப் பெரிய பலன் இல்லை. அங்கே ஊதாவை வெட்டும் ஃபில்டர்தான் தேவை: வெளிர் மஞ்சள் ராட்டன் 8, பாடர் ஃபிரிஞ்ச் கில்லர் போன்றவை. மஞ்சள் அடர்த்தி கூடக்கூட வளையம் குறையும், நீலமும் சேர்ந்து போகும். நிலா, நட்சத்திரக் கொத்துகளுக்குப் பரவாயில்லை. கார்த்திகைக் கூட்டத்தின் நீலப் புகைமூட்டத்துக்கு அடர்மஞ்சள் போடவே கூடாது. 2 மி.மீ. கண்ணாடி ஃபோகஸை ஏறத்தாழ 0.7 மி.மீ. நகர்த்திவிடும், எனவே போட்டபின் மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள்.

ஃபோகஸில் கிடைக்கும் ஆதாயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பாட்டினோவ் மாஸ்க்கை (ஃபோகஸ் சரியா என்று கோடுகளால் காட்டும் பிளவுத் தகடு) லென்ஸுக்கு முன்னால் போட்டு, பச்சை சேனலை மட்டும் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு கேமராவை வெளிப்பக்கமாக, அதாவது லென்ஸிலிருந்து விலகும் திசையில், 0.03 மி.மீ. வீதம் நகர்த்தி ஐந்தாறு படங்கள் எடுத்து ஒப்பிடுங்கள். ஊதாவும் நீலமும் பச்சைக்குப் பின்னால் குவிவதால் வளையம் இறுகும். அளவுக்கு மீறினால் ஓரத்தில் பச்சை தெரியும். அங்கிருந்து ஒரு படி திரும்புங்கள். எஃப்/5-ல் ஃபோகஸ் தாங்கும் மொத்த இடம் சுமார் 0.07 மி.மீ.தான், எஃப்/8-ல் 0.17. முகமூடி தரும் இன்னொரு நன்மை இது. மலிவு ஃபோகஸரில் பூட்டுத் திருகை இறுக்கும்போதே குழாய் நகரும், ஆகவே இறுக்கியபின் ஒரு படம் எடுத்துச் சரிபாருங்கள்.

எக்ஸ்போஷரைச் சிறிதாக வையுங்கள். நட்சத்திரத்தின் நடுப்பகுதி நிரம்பி வழிந்தபின்னும் வளையம் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். 120 நொடியில் பத்து எடுப்பதைவிட 30 நொடியில் நாற்பது எடுத்து அடுக்குவது மேல்.

சிவப்பு நெபுலாதான் இலக்கு என்றால் 7 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டர் போட்டுவிடுங்கள். ஒரே அலைநீளம் மட்டும் வருவதால் நிறப்பிறழ்ச்சிக்கே இடமில்லை.

மிச்சம் இருப்பதை மென்பொருளில் பார்க்கலாம். சிரில் என்ற வானியல் படச் செயலியில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களையும் பிரித்து, பச்சையை லூமினன்ஸாக (வெளிச்ச அடுக்கு) வைத்து, நிறத்துக்கு மட்டும் மூன்றையும் கொடுத்துச் சேருங்கள். விவரம் பச்சையிலிருந்து வருவதால் நட்சத்திரம் கூர்மையாகும். கொத்துகளுக்கும் விண்மீன் மண்டலங்களுக்கும் இது அருமையான வழி. ஆனால் ஹைட்ரஜன் சிவப்பு பச்சை சேனலில் ஏறக்குறைய இருக்காது, எனவே நெபுலாவுக்கு வேண்டாம். வளையத்தின் நிறத்தை மட்டும் நீக்க இன்னொரு முறை உண்டு: படத்தைத் தலைகீழ் நிறமாக்கி, பச்சை இரைச்சலை நீக்கி, மறுபடி திருப்புங்கள். ஊதாவின் எதிர்நிறம் பச்சை என்பதால் வளையம் சாம்பலாகிவிடும், அளவு மட்டும் அப்படியே நிற்கும். முழுப் படத்திலும் செய்தால் நெபுலாவின் ரோஜா நிறமும் வெளுக்கும். ஸ்டார்நெட் என்ற மென்பொருள் கொண்டு நட்சத்திரங்களைத் தனியாகப் பிரித்து, அந்த அடுக்கில் மட்டும் செய்துவிட்டுத் திரும்பச் சேருங்கள்.