கணப்பு மூட்டலாம், சாம்பலை மட்டும் அவசரப்பட்டு அள்ளாதீர்கள்

ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய பங்களாவுக்குக் குடிவருகிறவர்களுக்கு முதலில் வரும் ஆசை அறைச் சுவரில் புகைபோக்கியோடு கட்டிய கணப்பைப் பற்றவைப்பதுதான். ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி படிந்து கிடக்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் முதல் நாளே தீ வைத்துவிடாதீர்கள். பல வருடம் பூட்டிக் கிடந்த வீடென்றால் புகைபோக்கிக்குள் பறவைக் கூடு இருக்கலாம், சருகு இருக்கலாம், உள்சுவரில் தார் மாதிரி ஒட்டிய புகைக்கரி நிச்சயம் இருக்கும். அது பற்றிக்கொண்டால் புகைபோக்கியே உலையாகிவிடும். ஆள் வைத்துச் சுத்தம் செய்யுங்கள், அப்புறமும் வருடத்துக்கு ஒரு முறை.

விறகு சீகையோ தைல மரமோ, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பிளந்து, மழை படாத இடத்தில் காற்றோட்டமாக அடுக்கி ஆறு மாதமாவது விடுங்கள். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்த்தால் 'டங்' என்று கேட்கும், ஈரம் இருந்தால் 'தொப்'பென்றுதான் கேட்கும். ஈர விறகுதான் அந்தக் கரியைச் சேர்க்கிறது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகக் கூடாது.

மூட்டும் முன் புகைபோக்கியை அடைத்துத் திறக்கும் இரும்புத் தட்டு முழுசாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த காற்று மேலே அடைத்து நிற்கும், அதனால் செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் கொஞ்ச நேரம் புகைபோக்கி வாயில் பிடித்தால் காற்று மேல்நோக்கி இழுக்கத் தொடங்கும், பிறகு சுள்ளி, பிறகு சிறு கட்டை. ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். கங்கு இருக்கும்வரை தட்டை மூடாதீர்கள். கரிச்சட்டியில் தணலை அள்ளிப் படுக்கையறைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை நிறமும் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

சரி, சாம்பல். நீறு பூத்த நெருப்பு என்று சும்மா சொல்லவில்லை. மேலே சில்லென்று இருக்கும், உள்ளே கங்கு மூன்று நான்கு நாள்கூட உயிரோடு இருக்கும். வந்த புதிதில், மறுநாள் காலையில் ஆறிவிட்டது என்று நம்பி நான் பிளாஸ்டிக் முறத்தில் அள்ளினேன், வாசல்வரை போவதற்குள் முறம் உருகி ஓட்டை விழுந்தது. கீழே மரத்தரை. இன்றைக்கும் அந்தக் கறுப்புத் தழும்பு இருக்கிறது.

அதனால் இரும்பு முறம், மூடியுள்ள தகர வாளி, இரண்டும் கட்டாயம். அள்ளியதும் மூடி, வீட்டைவிட்டுப் பத்தடி தள்ளி, கல் தரையில் வையுங்கள். மரத் திண்ணையிலோ விறகுக் கொட்டகையிலோ வேண்டாம். நாலு நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள், கையுறையோடு, ஏனென்றால் சாம்பல் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, தோலை அரிக்கும். சூடான கணப்பில் தண்ணீர் ஊற்றினால் செங்கல் வெடிக்கும். வாக்குவம் கிளீனரால் உறிஞ்சவும் கூடாது. மொத்தத்தையும் வழித்தெடுக்காமல் ஓர் அங்குலம் விட்டுவைத்தால் அடுத்த தீ சீக்கிரம் பிடிக்கும்.

நன்றாக ஆறிய சாம்பல் தோட்டத்துக்கு நல்லது, நம் மலை மண் புளிப்பு மண்ணாயிற்றே. முட்டைக்கோஸ், பீட்ரூட் பாத்திக்குக் கொஞ்சமாகத் தூவலாம். தேயிலைக்கும் அசேலியாவுக்கும் புளிப்பு மண்தான் பிடிக்கும், அங்கே வேண்டாம், உருளைக்கிழங்குக்கும் போடாதீர்கள், சொறிநோய் கூடும். வேலிக்கு அப்பால் தைலமரச் சருகில் மட்டும் கொட்டவே கொட்டாதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் பனியில் கருகிய புல்லும் அந்தச் சருகும் ஒரே ஒரு கங்குக்குப் பற்றி, காற்றோடு சோலைவரை போய்விடும்.