ஒரு நாளாவது போட்டுப் பாருங்கள்: செண்டுகளை ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் தெருவில் வளைகுடா நாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் செண்ட் பாட்டில் இல்லாமல் இருப்பது அதைவிடக் குறைவு. பத்து வருடத்தில் என் அலமாரியில் இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. பாதி பரிசாக வந்தவை, பாதி நானே வாங்கியவை. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, இன்னொன்றோடு ஒப்பிட்டு, நோட்டில் எழுதி வைப்பேன். முதல் சில வருடக் குறிப்புகளை இப்போது படித்தால், பல நல்ல செண்டுகளை அவசரத்தில் ஒதுக்கியிருக்கிறேன் என்று தெரிகிறது. அந்த அவசரம் எப்படியெல்லாம் வரும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடையில் முதலில் அடித்தவுடன் முடிவு செய்வதுதான் பெரிய தவறு. அடித்த உடனே மூக்குக்கு வருவதில் ஒரு பங்கு ஆல்கஹால். அது போனதும் எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் (எலுமிச்சை இனத்துப் பழம்) போன்ற லேசான மணங்கள் வரும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அவற்றில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். பிறகு பூவும் மசாலாவும் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். சந்தனம், வெனிலா, பிசின், கஸ்தூரி எல்லாம் கடைசியில்தான் நிதானமாக வெளியே வரும். நாம் வீட்டில் நாள் முழுக்க வாழப்போவது அந்தக் கடைசிப் பகுதியோடு. ஆனால் காசு கொடுப்பது முதல் ஐந்து நிமிடத்துக்கு.

கெர்லான் நிறுவனம் 1925-இல் கொண்டுவந்த ஷாலிமார் செண்டைப் பற்றி என் நோட்டில் முதலில் எழுதியிருப்பது "எலுமிச்சைத் தோல், மர பாலிஷ். வேண்டாம்". அன்று சாயங்காலம் அதே கையை முகர்ந்தபோது, பாயசத்தில் ஏலக்காய்க்குப் பதில் வெனிலா போட்டு, பக்கத்து அறையில் சாம்பிராணி புகைத்தது போல இருந்தது. பழைய வரியை அடித்துவிட்டு இதை எழுதினேன். கடையில் செண்ட் அடித்துத் தரும் காகிதப் பட்டையில் முகர்ந்து முடிவு செய்வதும் இதே வகைதான். காகிதத்துக்குச் சூடு கிடையாது, வேர்வை கிடையாது. பத்தில் ஏழைக் கழித்துக்கட்ட அது போதும். மீதி மூன்றைத் தோலில்தான் பார்க்க வேண்டும்.

அந்த மூன்றையும் ஒரே நாளில் பார்க்கக்கூடாது. மூக்கு சீக்கிரம் களைத்துப்போகும். நாலாவது செண்ட் மோசமாகத் தெரிந்தால், முதல் மூன்றின் மிச்சம் அதன்மேல் படிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும்: இடது முன்கையின் உள்பக்கம் ஒன்று, வலது முன்கையில் ஒன்று. கடைகளில் நடுவில் முகரக் காப்பிக் கொட்டை வைத்திருப்பார்கள். அது மூக்கைக் கழுவிவிடும் என்பது நம்பிக்கை மட்டுமே. சாதாரணக் காற்றைவிட அதிகமாக அது எதுவும் செய்வதில்லை. வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தால் போதும். அப்புறம், சுற்றியிருக்கும் வாசத்தையும் கவனிக்க வேண்டும். எங்கள் ஊரில் ரப்பர் ஷீட் புகைபோடும் கூடம் பக்கத்தில் இருந்தால் எந்த செண்டும் புளிப்பாகத்தான் தெரியும்.

இனி எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. மல்லிகை செண்டை முகர்ந்துவிட்டு, "இது நம்ம பிச்சி மாதிரியே இல்லையே, போலி" என்று மூடியைப் போட்டுவிடுவது. தோவாளைப் பூச்சந்தை இருக்கும் மாவட்டத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் இதைச் செய்வோம். விடியும் முன்னே சந்தைக்குப் போய், ஓணத்துக்காகக் கேரளா போகும் பூமூட்டைகளுக்கு நடுவில் ஒரு தடவை நின்றுவிட்டால், பாட்டிலில் வரும் எதுவும் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒரு விஷயம் தெரிந்தால் மனது மாறும். ஷனேல் 1921-இல் வெளியிட்ட ஐந்தாம் எண் செண்டுக்காகப் பிரான்ஸில் கிராஸ் ஊரில் வளர்க்கும் மல்லிகையும், நாம் பிச்சி என்று தலையில் வைப்பதும் ஒரே இனம், ஜாஸ்மினம் கிராண்டிஃபுளோரம். பூ ஒன்றுதான், மணம் எடுக்கும் வழிதான் வேறு. ரோஜாவை வடிப்பதுபோல ஆவியில் வடித்தால் மல்லிகை கெட்டுவிடும். அதனால் கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போன்ற ஒன்றை எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி, கடைசியில் கெட்டியான சாரத்தைப் பிரிப்பார்கள். உயிரோடு இருக்கும் பூ காற்றில் விடும் வாசமும் அந்தச் சாரத்தின் வாசமும் ஒன்றாக இருக்க முடியாது. மல்லிகையில் இண்டோல் என்ற பொருள் உண்டு. செறிவாக முகர்ந்தால் பாச்சை உருண்டை மாதிரி அடிக்கும். கொஞ்சமாக இருந்தால்தான் பூவுக்கே ஒரு கனம் வரும். நேற்று ராத்திரி வைத்த பிச்சியைக் காலையில் தலையிலிருந்து எடுத்து முகர்ந்து பாருங்கள், அந்தக் கனம் தெரியும். நல்ல மல்லிகை செண்டில் பலருக்குப் பிடிக்காமல் போவது இதுதான். எனக்கு அதுதான் உயிர். அதனால் மல்லிகை செண்டை இன்னொரு மல்லிகை செண்டோடு ஒப்பிடுங்கள், சரத்தோடு வேண்டாம். ஐந்தாம் எண் செண்டை உருவாக்கிய எர்னஸ்ட் போ, மல்லிகையோடு ரோஜாவையும், ஆல்டிஹைடு என்னும் செயற்கைப் பொருட்களையும் சேர்த்துத்தான் அதை அமைத்தார். அதில் போய்த் தனிப் பிச்சியைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அடுத்தது இடமும் காலமும். துபாயிலிருந்து வந்த சித்தப்பா ஒரு ஊது (அகில் கட்டை மணம்) செண்டைக் கொடுத்து, "மக்ளே, பன்னிரண்டு மணி நேரம் நிக்கும்" என்றார். அவர் அதைப் போட்டது ஏசி அறையில், ஏசி காரில். நான் போட்டது ஜூன் மழையில், மார்த்தாண்டம் பஸ்ஸில். ஈரமும் புழுக்கமும் உள்ள காற்றில் அது மூச்சை அடைத்தது. அதே பாட்டிலைப் பனிக்காலத்தில் ஒரு ராத்திரி போட்டபோது, சித்தப்பா சொன்னது அப்படியே உண்மை என்று தெரிந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றில் ஒரு செண்ட் அரை மணியில் காணாமல் போகும், குழித்துறையில் வீட்டுக்குள் இருந்தால் சாயங்காலம் வரை இருக்கும். நேற்று அங்கே போட்டதையும் இன்று இங்கே போட்டதையும் வைத்து "இது நிற்கும், அது நிற்காது" என்று சொன்னால் நீங்கள் ஒப்பிடுவது காற்றைத்தான். ஒரே நாள், ஒரே நேரம், இரண்டு கை. வேறு வழியில்லை.

நிற்கவில்லை என்று தோன்றும்போதும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். போட்ட மணம் நமக்குப் பழகிவிடும், பக்கத்தில் இருப்பவருக்குப் பழகாது. எனக்கு மணம் தெரியவில்லை என்று ஒரு நாள் மதியம் இரண்டாவது தடவை அடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் மடியில் குழந்தையோடு இருந்த அக்காவுக்குத் தலைவலி வந்து, அவர் எழுந்து முன்னே போய் நின்றுகொண்டார். அந்தக் காட்சி இன்னும் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து மறுபடி அடிக்கும் முன் வீட்டில் ஒருவரிடம் கேட்காமல் அடிப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. செயற்கைக் கஸ்தூரிகளில் சிலவற்றைச் சிலருடைய மூக்கு உணரவே உணராது. ஒருவருக்கு வெறும் தண்ணீராகத் தெரியும் செண்ட் இன்னொருவருக்குத் துவைத்த துணி போல மணக்கும். அதனால் பாட்டிலைக் குறை சொல்லும் முன் இன்னொரு மூக்கையும் கேளுங்கள்.

அத்தரையும் ஸ்ப்ரேயையும் ஒரே தராசில் வைப்பதும் சரியில்லை. திருவனந்தபுரத்தில் சாலை என்னும் கடைத்தெருவில் 3 மில்லி அத்தர் வாங்கி, "ஆளைத் தூக்கவே இல்லை" என்று சொல்கிறவர்கள் உண்டு. அத்தர் எண்ணெய். ஆல்கஹால் இல்லாததால் தோலை ஒட்டியே இருக்கும், கட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் பரம்பரையாக அத்தர் வடிப்பவர்கள் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள், அது வேறு நோக்கம். ஸ்ப்ரேக்களுக்குள்ளும் ஓ த டாய்லெட் என்றால் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம் மணப்பொருள், ஓ த பர்ஃபம் என்றால் 15 முதல் 20. ஒரே பெயரில் வரும் இரண்டும் பல நேரம் வேறு வேறு கலவைகள். ஒன்றைப் போட்டுப் பார்த்து மற்றதை வாங்கிவிடாதீர்கள்.

சின்னச் சின்னதாகச் சில. பட்டுச் சேலையில் நேரடியாக அடித்தால் கறை விழலாம். இயற்கையான பெர்கமாட் எண்ணெய் உள்ள பழைய செண்டுகளைக் கழுத்தில் போட்டு வெயிலில் நின்றால் தோல் கறுக்கக்கூடும். பாட்டிலை ஜன்னல் ஓரத்திலோ குளியலறையிலோ கார் டாஷ்போர்டிலோ வைத்தால் வெளிச்சமும் சூடும் முதலில் அந்த எலுமிச்சைப் பகுதியைத்தான் கெடுக்கும். அப்படிக் கெட்ட பாட்டிலைப் புதியதோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

கடைசியாக, பெட்டியில் அச்சடித்த சொற்களைப் படித்துவிட்டு முகராதீர்கள். "கடல் காற்று" என்று படித்தால் மூக்கு கடலைத்தான் தேடும். முதலில் முகருங்கள், நம் ஊர் சொல்லில் எழுதுங்கள், பெட்டியைப் பிறகு படியுங்கள். போன வாரம் ஒரு புது பாட்டிலுக்கு நான் எழுதியது இது:

இடது கை. காலை 8, வெளியே மழை. நசுக்கின மரிக்கொழுந்து, கொஞ்சம் காரம். 10 மணி: வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்த வாசம். மதியம் 2: எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மைனி முகர்ந்து பார்த்து "இருக்கு" என்றார்.