முன்னோர் வந்த தோணியைத் தேடுவது எப்படி: மலையகக் குடும்பங்களுக்கு ஒரு செயல்முறை

தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்தின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழியில் பிறந்து, குடும்ப வரலாறு தேடத் தொடங்கும் எவரும் முதலில் கேட்பது, "எங்கள் பூட்டன் எந்தக் கப்பலில் வந்தார்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். மொரிசியஸ், நேட்டால், பீஜி போனவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஆளுக்கொரு எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, கப்பலின் பெயர் எல்லாம் எழுதி வைக்கப்பட்டன. இலங்கைக்கு வந்தவர்கள், ஊரில் ஆள் திரட்டித் தோட்டத்துக்கு அழைத்துவந்த கங்காணியின் பின்னால் வந்தார்கள். அவர்களுடைய பெயர் கங்காணியின் கடன் கணக்கில் இருந்தது. தோணிக்காரனுக்கு வேண்டியது தலை எண்ணிக்கை மட்டும்தான். அதனால் 19ஆம் நூற்றாண்டில் பாய்மரத் தோணி ஏறி வந்த ஒருவரைப் பயணிகள் பட்டியலில் தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

ஆனால் அவர் எந்தத் துறையில் ஏறியிருப்பார், எங்கே இறங்கியிருப்பார், எந்தப் பத்தாண்டில், எந்தக் காற்றுக் காலத்தில் வந்திருப்பார் என்பதை ஓரளவு உறுதியாகவே கண்டுபிடிக்கலாம். அதற்குத் தோட்டத்திலிருந்து தொடங்கிக் கடலை நோக்கிப் பின்னால் நடக்க வேண்டும்.

எங்கே இறங்கி நடந்தார்கள்?

வீட்டுப் பெரியவர்களிடம் "எந்த வருஷம் வந்தாங்க?" என்று கேட்காதீர்கள். வருஷம் நினைவில் நிற்காது, வழி நிற்கும். "எங்கே இறங்குனாங்க, எதுவரைக்கும் கோச்சியில வந்தாங்க, எங்கேருந்து நடந்தாங்க?" என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை ரயில் பாதை திறந்த ஆண்டுகளோடு வைத்துப் பாருங்கள்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1867இல். நாவலப்பிட்டிக்கு 1874, மாத்தளைக்கு 1880, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924. "நாவலப்பிட்டியில் இறங்கி டிக்கோயாவுக்கு நடந்தோம்" என்ற சொல் குடும்பத்தில் இருந்தால், வந்தது 1874க்குப் பிறகு. பாதை அட்டனைத் தாண்டி நானுஓயா வரை போவதற்கு முன்பாக இருக்க வாய்ப்பு அதிகம். "மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு" என்றால் அது வடபாதை. மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக ஏறத்தாழ 150 மைல் நடை. காலராவும் காய்ச்சலும் பசியும் ஆட்களைத் தின்ற வழி அதுதான். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடத்தப்பட்ட நினைவு நடைபயணம் இந்த வழியை நினைவுபடுத்தியே போனது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோய் அச்சத்தால் இந்தப் பாதை மூடப்பட்டது. ஆகவே வடபாதையில் நடந்து வந்த குடும்பம் அதற்கு முன் வந்தது என்று துணிந்து எழுதலாம்.

"தனுஷ்கோடியில் ஏறி, தலைமன்னாரில் ரயில் பிடித்தோம்" என்றால் 1914க்குப் பிந்தியது. அங்கே பாய்மரத்துக்கு இடமில்லை, நீராவிப் படகுதான். கடல் கடக்கும் முன் ஆட்களைத் தங்கவைத்த தட்டப்பாறை முகாம், மண்டபம் முகாம், அடையாளத்துக்குக் கழுத்தில் கட்டிய தகரத் துண்டு ஆகியவை கதையில் வந்தாலும் 20ஆம் நூற்றாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் மாதக்கணக்கில் கிடந்தோம் என்று வந்தால் அது இலங்கைப் பயணமே அல்ல. குடும்பத்தில் வேறொருவர் மொரிசியஸுக்கோ நேட்டாலுக்கோ போய் வந்த நினைவு இதோடு கலந்திருக்கலாம். அந்தக் கிளையைத் தனியாகத் தேடுங்கள். அவருக்குக் கப்பல் பெயரோடு பதிவு கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மொரிசியஸ் பதிவுகள் மோக்கா நகரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

இன்னொரு அளவுகோல் "தாது வருஷப் பஞ்சம்". தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்தது. அந்தப் பஞ்சம் 1878 வரை நீண்டது. பஞ்சம் பிழைக்க வந்த கூட்டம் பெரியது என்பதால் இந்த நினைவைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் பின்னாளில் வந்த எல்லாப் பஞ்சத்துக்கும் அதே பெயரை ஒட்டிச் சொல்லும் வழக்கமும் உண்டு. வேறொரு தடயம் ஒத்துவந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களைப் பற்றி ஒன்றை மறக்கக் கூடாது. ஆண்டின் கடைசி மாதங்களில் பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பிப் போனார்கள், மறுபடி வந்தார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் தேயிலை நட்டதும், 1869இல் கோப்பி இலைத்துரு நோய் தென்பட்டதும் குடும்பங்கள் இங்கேயே தங்கிய கதையின் தொடக்கம். அதனால் 1850களில் வந்த ஒரு பூட்டனுக்கு "வந்த தோணி" ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அவர் நான்கைந்து முறை கடல் கடந்திருக்கலாம்.

பெட்டியிலும் தோட்டத்து ஆபீசிலும் தேட வேண்டியவை

வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும் மிகப் பெரிய சொத்து 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் செய்த விண்ணப்பம். கலியாணம் ஆனவர் 7 ஆண்டும் ஆகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்ட வேண்டியிருந்ததால், வேலை செய்த தோட்டங்களை வரிசையாக எழுதியிருப்பார்கள். மலையகத்தாரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக் குடியுரிமை தர 1964இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தை ஒட்டி இந்தியப் பிரஜாவுரிமைக்குச் செய்த விண்ணப்பங்களிலும், அப்போது எடுத்த பாஸ்போர்ட்டுகளிலும் சொந்த ஊர், தாலுகா, ஜில்லா இருக்கும். நமக்கு வேண்டியது அந்த ஒரு வரி. உங்கள் வீட்டில் இல்லாவிட்டால், ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா போன பங்காளிகளின் வீட்டில் கேளுங்கள். போனவர்கள் இந்தக் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அங்கே குடியிருப்பும் கடனுதவியும் பெற அவை தேவைப்பட்டன.

அடுத்தது செக்ரோல், அதாவது தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பதிவுப் புத்தகம். எல்லாத் தோட்டத்திலும் பழையது இருக்காது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்திலும் 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகம் போனபோதும் தோட்டங்கள் கைமாறின. பழைய புத்தகங்கள் பல இடங்களில் காணாமற்போயின. கிடைத்தால் பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரே பிரிவில் நாலு ராமசாமி, மூன்று மாரியாயி இருப்பார்கள். தகப்பன் பெயர், கங்காணி பெயர், பிரிவு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது உங்கள் ஆள். வயதை நம்பாதீர்கள், பேர் பதியும்போது கணக்கப்பிள்ளை முகத்தைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம்.

பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1867க்குப் பிறகே முறைப்படத் தொடங்கின. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கும்போது தோட்டத்தின் ஆங்கிலப் பெயரையும் பிரிவையும் எழுதுங்கள். நாம் வழங்கும் தமிழ்ப் பெயர் பதிவில் இருக்காது. பழைய தோட்டங்கள் சேர்ந்தும் பிரிந்தும் பெயர் மாறியிருந்தால், 1850களின் கடைசியிலிருந்து வெளிவந்த பெர்குசன் டைரக்டரியின் பல ஆண்டுப் பதிப்புகளை அடுத்தடுத்துப் புரட்டுங்கள். தோட்டம், மாவட்டம், ஏக்கர், உடைமையாளர், துரை (தோட்ட மேலாளர்) என்று வரிசையாக இருக்கும். கங்காணியின் பெயரை அதில் தேட வேண்டாம்.

ஊரிலிருந்து துறைக்கு

ஊர்ப் பெயர் கிடைத்ததும் அதைப் பழைய நிர்வாகப் பிரிவுக்கு மாற்றுங்கள். நாமக்கல் மாவட்டம் 1997இல்தான் உருவானது. 19ஆம் நூற்றாண்டுக் காகிதத்தில் அந்தப் பெயரில் ஜில்லா இல்லை. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம், ஆகவே சென்னை மாகாணத்தின் ஜில்லாப் பதிவுகளில் அதைத் தேடினால் கிடைக்காது.

ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கத்தார் தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம், பாம்பன் துறைகளில் ஏறி மன்னார்க் கரைக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம். திருநெல்வேலியார் தூத்துக்குடியில் ஏறிக் கொழும்புக்கு. திருச்சி, சேலத்தாருக்கு 1876 ஒரு எல்லைக்கோடு. அந்த ஆண்டில் தூத்துக்குடிக்கு ரயில் வந்ததும் நடந்து தொண்டிக்குப் போக வேண்டிய கட்டாயம் குறைந்தது. ஆனாலும் கங்காணிக்குப் பழகிய வழி எதுவோ அதில்தான் கூட்டம் போகும். கங்காணியின் ஊர் தெரிந்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

கடலைக் கணக்குப் போடுவது

ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நல்ல காற்றில் தோணிக்கு அரை நாள்கூட ஆகாது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 150 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் போனால் 30 மணி நேரம். காற்று விழுந்துவிட்டால் மூன்று நாள், நான்கு நாள். ஏறியவர்கள் பட்ட பாடு தூரத்தால் வந்ததை விட நெரிசலாலும், குடிநீர் குறைவாலும், காத்திருப்பாலும் வந்தது.

காத்திருப்பு இரண்டு கரையிலும் உண்டு. தூத்துக்குடியில் கடல் ஆழமில்லை; பெரிய கப்பல்கள் கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து மைல் தள்ளி நங்கூரமிட்டன, ஆட்களைச் சின்னப் படகில் கொண்டுபோய் ஏற்றினார்கள். கொழும்பு அன்று திறந்த கடல். தென்மேற்கு அலைதாங்கிக்கு 1875இல் அடிக்கல் நாட்டி 1885இல்தான் முடித்தார்கள். அதற்கு முன் தென்மேற்குப் பருவக் காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை அங்கே ஆள் இறக்குவதே ஆபத்து. பாக்கு விரிகுடாவில் இது தலைகீழ். தொண்டி, தேவிபட்டினத்துக் கரையில் தென்மேற்குக் காலம் ஓரளவு அமைதி. கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று நேராக முகத்தில் அடிக்கும், புயலும் அப்போதுதான். குடும்பக் கதையில் "மார்கழியில் தொண்டியில் ஏறி" என்று வந்தால் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

கப்பலின் பெயர் கிடைத்துவிட்டால்

1864இல் 'ஆதிலட்சுமி' என்ற கப்பல் 120 தொழிலாளர்களோடு மூழ்கியது என்று மலையகத்தில் பரவலாகச் சொல்கிறோம், நினைவு மலர்களில் எழுதுகிறோம். இப்படி ஒரு பெயர் கையில் இருக்கும்போது அதன் வரலாற்றை எழுத விரும்புகிறவர், மலரைப் பார்த்து மலர் எழுதும் பழக்கத்தை விட வேண்டும். இறந்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை, அவர்களைப் பற்றிச் சரியாக எழுதுவதுதான்.

முதலில் ஐந்து கட்டம் போட்ட ஒரு தாள்: பெயர், பாய்மர வகை (தோணி, ஸ்கூனர், பிரிக், பார்க்), தொன், மாலுமித் தலைவன், துறைமுகமும் தேதியும். இரண்டு ஆவணங்களில் மூன்று கட்டமாவது ஒத்துப்போனால் மட்டும் ஒரே கப்பல் என்று கொள்ளுங்கள். சாமி பெயர் வைத்த தோணிகள் அந்தக் கரையில் ஏராளம். பெயர் மட்டும் ஒத்துப்போவதற்கு மதிப்பே இல்லை.

ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். லட்சுமியை லெச்சிமி, லெச்மி, லுட்ச்மீ, லக்ஷ்மி என்று நாலு விதமாக எழுதித் தேடுங்கள்; ஆதியை அதி, அத்தி, ஆடி என்றும். பத்திரிகைகளில் தேடும் சொற்கள் 'தோனி', 'கூலி', 'எமிக்ரன்ட்', 'இமிக்ரன்ட்'. கூலி என்ற சொல் நமக்குக் கசக்கும், ஆனால் பதிவு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

கப்பல்களின் விவரங்களைத் தரும் லாயிட்ஸ் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிரித்தானியப் பதிவு பெற்ற கப்பல் என்றால் 1855 முதல் அதற்கென்று ஓர் அதிகாரபூர்வ எண் உண்டு. பெயர் மாறினாலும் எண் மாறாது, அதைப் பிடித்துக்கொண்டால் கட்டிய இடம், உடைமையாளர், முடிவு எல்லாம் வரும். ஆனால் கரையோரத் தோணிகளை லாயிட்ஸில் பெரும்பாலும் காண முடியாது. அங்கே இல்லை என்பதால் அப்படியொரு தோணி இருந்ததில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பதிவேட்டில் வரும் தொன் எடையைக் குறிப்பதல்ல. 1854க்குப் பிந்திய முறையில் ஒரு தொன் என்றால் 100 கன அடி இடம். 80 தொன் என்றால் 8,000 கன அடி. 120 பேரை அதில் ஏற்றினால் ஆளுக்கு 67 கன அடிக்கும் குறைவு, அதிலும் சரக்குக்கு ஒரு பங்கு போகும். தொன் கிடைத்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சொல்லப்படும் எண்ணிக்கை நடக்கக்கூடியதா என்று தெரிந்துவிடும்.

பத்திரிகைகளில் கொழும்பு ஒப்சேவர், சிலோன் டைம்ஸ் இரண்டிலும் கப்பல் வருகை, புறப்பாட்டுப் பத்தியைப் பாருங்கள். விபத்து நடந்ததாகச் சொல்லும் நாளிலிருந்து குறைந்தது ஆறு வாரம் வரை பார்க்க வேண்டும். செய்தி மெல்லத்தான் வந்தது. மெட்ராஸ் மெயில் 1868இல்தான் தொடங்கியது. 1864ஆம் ஆண்டுச் செய்திக்கு அதை மேற்கோள் காட்டும் கட்டுரையைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிறகு கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் கூடம், சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் சி.ஓ. 54 வரிசை. கியூவில் இருப்பவை இலங்கை ஆளுநரும் குடியேற்ற நாட்டு அலுவலகமும் எழுதிக்கொண்ட கடிதங்கள். பெரிய உயிர்ச்சேதம் என்றால் அங்கே ஒரு வரியாவது இருக்க நியாயம் உண்டு. பழைய நினைவு மலர்களை 'நூலகம்' என்ற எண்ணிம நூலக இணையத்தளத்தில் தேடி, எந்த மலரில் இந்தச் செய்தி முதலில் அச்சானது, அது யாரை ஆதாரம் காட்டியது என்று பின்னோக்கிப் போங்கள். ஆதாரம் காட்டாத இடத்தில் சங்கிலி அறுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சுவடிக் கூடத்தில் படம் எடுக்க அனுமதி கிடைத்தால், பக்கத்தைப் படம் எடுப்பதற்கு முன் தொகுதியின் முதுகையும் அட்டையையும் எடுங்கள். கோப்பு எண் இல்லாத படம் வீடு வந்ததும் பயனற்றுப் போகும். பெயரை ஆங்கில எழுத்து எழுத்தாக, பிழையோடு அப்படியே படி எடுங்கள். தமிழாக்கம் பக்கத்தில் தனியாக இருக்கட்டும்.

எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் மூன்றில் ஒரு குறி இடுங்கள்: பதிவில் உள்ளது, பதிவிலிருந்து நாம் ஊகித்தது, குடும்பத்தில் சொல்வது. உதாரணமாக, "பூட்டனின் ஊர் திருச்சினாப்பள்ளி ஜில்லா (பதிவு). நாவலப்பிட்டியிலிருந்து நடந்து வந்தார் (குடும்பம்). ஆகவே 1874க்கும் 1885க்கும் இடையில், தூத்துக்குடி வழியாகக் கொழும்பில் இறங்கியிருக்கலாம் (ஊகம்). கப்பலின் பெயர்:" என்று எழுதி அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்.