கணக்கிட்ட எல்டிஎல்லை அளந்த எல்டிஎல் என்று எழுதாதீர்கள்

புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவி ஒருவரின் அட்டவணையைச் சென்ற வாரம் பார்த்தேன். எல்டிஎல், அதாவது 'கெட்ட கொலஸ்ட்ரால்' பத்தியில் ஒருவருக்கு 11 என்று இருந்தது (இங்கே வரும் இரத்தக் கொழுப்பு எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு). "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். "ஆய்வக அறிக்கையில் இருந்தது, சார்" என்றார். என் முதல் ஆய்வின்போது நானும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

குழாயில் பெயரை மாற்றி ஒட்டுவது போன்ற பிழைகள் ஒருமுறை திட்டு வாங்கினால் தீர்ந்துவிடும். யார் கண்ணிலும் படாமல் கட்டுரை வரை போய்ச் சேர்பவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சூத்திரம் தந்ததை அளவீடாக நம்புவது

பெரும்பாலான அறிக்கைகளில் எல்டிஎல் அளக்கப்படுவதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துவிட்டு, மிஞ்சுவதை எல்டிஎல் என்கிறார்கள். 1972இல் வெளியான ஃப்ரீடுவால்ட் சூத்திரம் இது. அந்த ஐந்தில் ஒரு பங்கு, ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் விஎல்டிஎல் துகள்களில் உள்ள கொலஸ்ட்ராலுக்கான ஊகம். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் அது ஓரளவு பொருந்தும். சாப்பிட்ட பிறகு, உணவுக் கொழுப்பைச் சுமக்கும் கைலோமைக்ரான் துகள்கள் வந்து சேரும். அவற்றில் ட்ரைகிளிசரைடு ஏராளம், கொலஸ்ட்ரால் சொற்பம். ஆகவே கழிக்க வேண்டியதைவிட அதிகமாகக் கழித்துவிடுகிறோம்.

மாணவியின் அட்டவணையில் நடந்தது அதுதான். மொத்தம் 118, எச்டிஎல் 35, ட்ரைகிளிசரைடு 360. 72ஐக் கழித்தால் மிஞ்சுவது 11. அந்த மனிதரின் உண்மையான எல்டிஎல் எவ்வளவு என்பதை இந்த 11 சொல்லவே இல்லை.

என்னுடைய ஆய்வில் இது வேறு முகம் காட்டியது. ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் மருந்து கொடுத்த குழுவில் எல்டிஎல் ஏறியிருந்தது. மருந்துதான் ஏற்றியது என்று நம்பி வரைவையும் எழுதி முடித்தேன். ட்ரைகிளிசரைடு 350இலிருந்து 150க்கு இறங்கினால் கழிக்கும் தொகை 70இலிருந்து 30 ஆகிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் அதே அளவு இறங்காவிட்டால், மீதி முழுவதும் எல்டிஎல் கணக்கில் ஏறிவிடும். மதிப்பாய்வாளர் கேட்டுக்கொண்டதால் எஞ்சிய பிளாஸ்மாவில் அப்போ-பி என்ற புரதத்தை அளந்தோம். எல்டிஎல், விஎல்டிஎல் துகள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு அப்போ-பி மூலக்கூறு இருப்பதால் அது துகள்களின் எண்ணிக்கையையே காட்டும். இரண்டு குழுக்களுக்கும் வேறுபாடே இல்லை. பதினெட்டு மாத உழைப்பு போயிற்று. இன்றும் யாராவது சூத்திர எண்ணை 'அளவிடப்பட்ட எல்டிஎல்' என்று எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தைத் தொடாதீர்கள். அதற்குக் கீழேயும், எல்டிஎல் 70க்குக் குறைவாக வந்தால் சந்தேகப்படுங்கள். 2013இன் மார்ட்டின்-ஹாப்கின்ஸ் முறையும், 800 வரை பயன்படும் 2020இன் சாம்ப்சன் சமன்பாடும் இதைவிட மேல். எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ராலை எப்போதும் சேர்த்துக் கொடுங்கள். அதில் ஊகம் எதுவும் இல்லை. எந்த முறையில் கணக்கிட்டீர்கள் என்பதைக் கட்டுரையிலேயே எழுதுங்கள்.

சுண்டெலிக்கு இந்தச் சூத்திரம் கூடவே கூடாது. சாதாரணச் சுண்டெலியில் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி எச்டிஎல்லில் இருக்கிறது. எச்டிஎல்லிலிருந்து கொலஸ்ட்ராலை மற்றத் துகள்களுக்கு மாற்றும் சிஇடிபி புரதமும் அதற்கு இல்லை. அப்போ-இ மரபணு நீக்கிய எலியிலோ, ட்ரைகிளிசரைடை இழந்து எஞ்சிய துகள்களில் கொலஸ்ட்ரால் நிறைந்திருக்கிறது. 'ஐந்தில் ஒரு பங்கு' அங்கே எந்த வகையிலும் பொருந்தாது.

எச்டிஎல் ஏறினால் தமனி பிழைக்கும் என்று முடிவு கட்டுவது

சிஇடிபியைத் தடுக்கும் டார்செட்ராபிப் மருந்து எச்டிஎல்லை 72 சதவீதம் உயர்த்தியது, எல்டிஎல்லைக் குறைக்கவும் செய்தது. ஆனாலும் மருந்து எடுத்தவர்களிடையே மரணங்கள் கூடியதால் 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்தினார்கள். அந்த மருந்து இரத்த அழுத்தத்தையும் ஆல்டோஸ்டீரானையும் ஏற்றியது உண்மைதான். இருந்தாலும், ஒரு குறியீட்டு எண் நகர்ந்ததை மட்டும் வைத்து நோய் குறைந்தது என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை.

பாரஃபினில் பதித்த திசுச் சீவலில் கொழுப்பைத் தேடுவது

பதிக்கும்போது பயன்படும் சைலீன் கரைப்பான் அந்தக் கொழுப்பைக் கரைத்துவிட்டிருக்கும். கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயத்துக்கு உறைநிலைச் சீவல்தான்.

ஆண், பெண் எலிகளின் முடிவுகளை ஒன்றாகக் கலப்பது

தனித்தனியாக எண்ணுங்கள், தனித்தனியாக வெளியிடுங்கள்.

எல்லாவற்றையும் உறைய வைத்துவிட்டுப் பிறகு யோசிப்பது

எல்டிஎல்லைக் கணக்கிடாமல் அளக்க, அதிவேகச் சுழற்சிக் கருவியான அல்ட்ராசென்ட்ரிஃபியூஜில் லிப்போபுரதங்களை (எல்டிஎல், எச்டிஎல் போன்ற துகள்களை) பிரிக்கலாம்; அதற்கு உறையாத பிளாஸ்மா வேண்டும். என் ஆய்வில் என்னிடம் இருந்தவை அனைத்தும் மைனஸ் 80 டிகிரியில் உறைந்து கிடந்தன. மாணவியின் ஆய்வில் பாதிப் பேரிடம் இன்னும் இரத்தம் எடுக்கவில்லை. அவர்களுடைய பிளாஸ்மாவில் ஒரு பங்கை உறைய விடாமல் நேரே பிரிப்புக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறோம்.